அல்லேலூயா போட்ட இடம்

"இந்தப் பாட்டை எழுதினது நீங்கதானாமே?" என்று யார் கேட்டாலும் நாலு வருடம் நான் "ஆமாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, "எல்லாம் ஆண்டவர் குடுத்தது" என்று பணிவாக வேறு சேர்த்துக்கொள்வேன். அந்தப் பணிவுக்குள் எவ்வளவு திமிர் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். பாட்டை ஆண்டவர் கொடுத்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் என்னிடம் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் உப்புச் சுமந்து நடந்த ஒரு அக்காவிடம் கொடுத்தார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்ததோடு நிற்கவில்லை. செத்துப்போன மகளை அவர் வாய்விட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடத்தையும் அடைத்துவிட்டேன். தெரியாமல் செய்தேன். என் பக்கம் இருக்கிற நியாயம் அவ்வளவுதான். அது போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மரக்காணத்துப் பெண். எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறது. காலேஜ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த இரண்டு கோடைக்கும் உப்பளத்துக்குச் சுமக்கப் போனேன். படித்த பெண் உப்புச் சுமப்பதா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே வாய் நீளம். "டிகிரியைத் தலையில வெச்சா கனக்காது, உப்பு வெச்சாத்தான் கனக்கும், ரெண்டையும் பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் நாள் மதியமே கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்துக்கிடந்தது வேறு விஷயம்.

சுமக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். பெண்கள் அதைத் தட்டில் அள்ளித் தலையில் வைத்து, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரப்பில் நடந்து, ரோட்டோரம் இருக்கிற பெரிய குவியலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வரப்பு ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் தண்ணீர். தட்டிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக் கண்ணில் இறங்கும். தலையில் பாரம் இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் வருகிறவள் வழுக்கி விழுந்தாலும் முன்னால் போகிறவளுக்குத் தெரியாது.

அதனால்தான் பாட்டு. முன்னால் போகிறவள் பாடிக்கொண்டே நடப்பாள். நாலு வரி முடிந்ததும், வரிசையில் கடைசியாக வருகிறவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கடைசி ஆள் "வந்தேன்" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் அடுத்த நாலு வரி. பதில் வராவிட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். புதிதாக வருகிறவளைத்தான் கடைசியில் விடுவார்கள். அந்த இரண்டு கோடையிலும் கடைசி ஆள் நான். ஒரு காலைக்குள் என் பெயரை நாற்பது ஐம்பது தடவை கேட்டு, நாற்பது ஐம்பது தடவை "வந்தேன்" என்பேன். சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் கூப்பிடாமல் இருந்தால் பயமாக இருந்திருக்கும்.

முன்னால் போனவர் அந்த அக்கா. மரக்காணத்துக்கு மேற்கே ஒரு விவசாயக் கிராமம் அவருக்கு. கோடையில் வயல் வேலை இல்லாத மாதங்களில் அங்கிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்து போவார்கள். நெற்றியில் பெரிய குங்குமம், இடுப்பில் இழுத்துச் செருகிய புடவை, மேலே ஆண்கள் போடுகிற பழைய முழுக்கைச் சட்டை. சாதாரணமாகப் பேசும்போது கரகரவென்று இருக்கும் குரல், பாட ஆரம்பித்தால் வேறு ஆளுடையது ஆகிவிடும். பாட்டும் அவரே கட்டியதுதான்.

இன்னும் நாலடி எட்டி வை
எறக்கி வைக்க எடமிருக்கு
முன்னே நானும் போறேன்டி
பின்னே நீயும் வர்றியாடி

இதற்குப் பிறகு பெயர். பெரும்பாலும் என் பெயர். ஆனால் குவியலை நெருங்கும்போது, ஒவ்வொரு நடையிலும் கடைசித் தடவையாகப் பாடும்போது, அவர் வேறொரு பெயரைக் கூப்பிடுவார். அந்தப் பெயரில் எங்கள் வரிசையில் யாரும் கிடையாது. யாரும் பதில் சொல்வதில்லை. நாலு அடி தூரத்துக்குப் பாட்டு, பேச்சு எதுவும் இருக்காது. பிறகு தட்டைக் கொட்டுவோம்.

அது அவருடைய மகளின் பெயர். எனக்கு முந்தைய கோடையில் கடைசியாக நடந்தவள் அவள்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கும்வரை அம்மாவோடு சுமக்க வந்திருக்கிறாள். அந்த வருட மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் போய்விட்டாள். இது வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. முன்பு எப்போதோ வேலை செய்த யாரோ ஒருத்தியின் பெயர் பாட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். எதை எதையோ கேட்கிற வாய் அதை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாவது வருடம் எனக்கு இங்கேயே ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. உப்பளத்துக்குப் போவது நின்றது. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். மாதா திருவிழாவுக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும் என்று குழுவை நடத்துகிற கீபோர்டு அண்ணன் சொன்னார். என் காதில் இருந்தது ஒரே ஒரு மெட்டுதான். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொற்களை மாற்றினேன்.

இன்னும் நாலடி நடந்திடுவேன்
இறக்கி வைக்க இடமுண்டு
முன்னே நீரே போகின்றீர்
பின்னே நானும் வருகின்றேன்

பெயர் வருகிற இடத்தில் "இயேசுவே" என்று போட்டேன். அதற்கு அப்புறம் வருகிற வெற்றிடம் எனக்கு ஒரு குறையாகத்தான் தெரிந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்குவதால் விட்ட இடம் என்று நினைத்தேன். அந்த இடத்தில் "அல்லேலூயா" போட்டேன். நாலு அடி அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் கோயிலில் இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "இது சாமி பாட்டா, வரப்புப் பாட்டா? நடையே கோயில் நடையா இல்லியே" என்றார்கள். திருவிழா அன்று பாடியதும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. சுமந்து சுமந்து பழகிய ஊர் இது. "இறக்கி வைக்க இடமுண்டு" என்ற வரிக்கு முன்வரிசையிலேயே பெண்கள் அழுதார்கள். யாரோ போனில் எடுத்து அனுப்பினார்கள். அது பக்கத்துப் பங்குக் கோயில்களுக்குப் போனது, ஜெபக் கூட்டங்களுக்குப் போனது, கல்யாண வீட்டு மைக் செட்டுக்கும் போனது. ஈசிஆரில் போகிற பஸ்ஸில் ஒரு நாள் பின் சீட்டுக்காரரின் ரிங்டோனாகக் கேட்டேன். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிற தோழி, அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கிடாரில் இதை வாசிக்கிறார் என்று எடுத்து அனுப்பினாள். அவரும் சரியாக அந்த இடத்தில் "அல்லேலூயா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாய்ஸ் மெசேஜை நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பாட்டு எல்லா ஊருக்கும் போனது என்றால் உப்பளத்துக்கும் போயிருக்கும் என்ற சாதாரண விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. என் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா, எங்களோடு வரிசையில் நடந்தவர், எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கடைசியில் வந்தார். பிள்ளையின் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை.

"டீச்சர்னு கூப்பிடணுமா, முன்ன மாதிரியே கூப்பிடலாமா?"

"முன்ன மாதிரியே கூப்பிடுங்கக்கா."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உன் பாட்டு வந்தப்புறம் அக்கா வாயைத் தொறக்கறதில்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். புதிதாக வந்த பெண்பிள்ளைகளுக்கு என் பாட்டுத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அக்கா பாட ஆரம்பித்ததும், "ஐ, நம்ம கோயில் பாட்டு" என்று சேர்ந்து பாடியிருக்கிறார்கள். குவியல் பக்கம் போய் அக்கா தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைகள் பின்னாலிருந்து ஒரே குரலில் உற்சாகமாக "அல்லேலூயா" என்றார்கள். மறுநாளும் அப்படியே. பிள்ளைகளைத் திட்ட முடியுமா? சாமி பெயரைச் சொல்லாதே என்று யார் சொல்வது? மூன்றாவது நாள் அக்கா பாடவில்லை. அந்த வாரமே வரிசையை விட்டு, மூட்டை தைக்கிற ஷெட்டுக்குப் போய்விட்டார்.

"அவுங்க வூட்டுல அந்தப் பேரை எடுக்கவே முடியாது, தெரியுமா உனக்கு?" என்றார் அந்த அம்மா. "பேரைச் சொன்னா அவுங்க வூட்டுக்காரரு எழுந்து வெளிய போயிடுவாரு. ரெண்டு நாள் சோறு திங்க மாட்டாரு. போட்டோவைக்கூட பீரோவுக்குள்ள வெச்சு பூட்டிட்டாங்க. வரப்புல மட்டுந்தான் அக்கா வாய்விட்டுக் கூப்பிடும். நாங்கல்லாம் அந்த நாலடி மூச்சுகூட விட மாட்டோம். உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோபம்கூட இல்லை. இரண்டு வருடம் கூடவே நடந்தவளுக்கு இது தெரியவில்லையா என்கிற ஆச்சரியம்தான்.

அடுத்த சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து, கையில் பிடித்துத் தைக்கிற மெஷினால் மூட்டை வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, "வா பாப்பா, இளைச்சுட்டியே" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்த சொற்கள் எதுவும் வரவில்லை. "தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது பாப்பா. சாமிக்குத்தானே பாடற. நான் இன்னா சொல்லப்போறேன்?"

"அதில்லக்கா..."

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கூப்பிட்டா அந்த எடத்துல அவ பதில் சொல்லுவா பாப்பா. எனக்குக் கேக்கும். இப்பக் கூப்பிட்டா அல்லேலூயாதான் கேக்குது."

நான் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பாட்டை எழுதியது நான் என்று யாரிடமெல்லாம் சொன்னேனோ, அந்த ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது.

கீபோர்டு அண்ணனிடம் போய், அந்த இடத்தில் அல்லேலூயாவை எடுத்துவிடலாம் என்றேன். அவர் சிரித்தார். "ஏம்மா, ஜனங்க கைதட்டறதே அந்த எடத்துலதான். அதைப் போய் எடுக்கச் சொல்றியே" என்றார். ஃபாதரிடம் போனேன். இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "உன் வருத்தம் புரியுது. ஆனா பாட்டு வெளிய போயிடுச்சும்மா. நாம நிறுத்தினாலும் மத்த ஊர்ல பாடத்தான் போறாங்க" என்றார். அதுவும் உண்மைதான். இன்றைக்கும் எத்தனையோ ஊரில் அந்த இடத்தில் அல்லேலூயா சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊரில் யார் பாடுகிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. யாரைப் போய் நிறுத்துவது?

இப்படியே மூன்று மாதம் போயிற்று. பிறகு தவக்காலம் வந்தது.

எங்கள் கோயிலில் தவக்காலம் முழுக்க அல்லேலூயா பாடக்கூடாது. ஈஸ்டர் வரைக்கும் அந்தச் சொல்லே பூசையில் வராது. சின்ன வயதிலிருந்து தெரிந்த வழக்கம்தான். அந்த வருடம் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு என் பாட்டைப் பாடலாம், சுமக்கிற பாட்டு பொருத்தமாக இருக்கும் என்று ஃபாதரே சொன்னார். சொல்லிவிட்டு, "அல்லேலூயா மட்டும் வராது. அந்த எடத்துல வேற ஏதாவது போட்டுடு" என்றார்.

"ஒண்ணும் போடாம விட்டுடறேன் ஃபாதர்" என்றேன்.

மூன்று மாதத்துக்கு முன் நான் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சும்மா விட்டா ஜனங்களுக்குப் புரியாது. நீயே சொல்லு" என்றார்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். கோயிலில் சொல்லலாமா, பெயரைச் சொல்லலாமா என்று. "சேதியைச் சொல்லிக்கோ. பேரு வேணாம். அதை நான் சொல்லிக்கிறேன்" என்றார். இங்கேயும் நான் அந்தப் பெயரை எழுதாததற்குக் காரணம் அதுதான்.

ஞாயிறு பூசையில் பாட்டைப் பாடினோம். அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் பாதிப்பேர் "அல்..." என்று ஆரம்பித்து விழுங்கினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மைக் முன்னால் போய் நின்றேன். பள்ளியில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை. இந்தப் பாட்டு என்னுடையது இல்லை என்றேன். உப்பளத்தில் ஒரு அக்கா கட்டியது என்றேன். இந்த இடம் அவருடைய மகள் பதில் சொல்கிற இடம், அதை நான் அடைத்துவிட்டேன் என்றேன். இயேசுவும் அங்கேயே இருக்கட்டும், ஆனால் அதற்குப் பிறகு நாலு அடி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் சண்டை. "அப்ப நாலு வருஷமா இந்து பாட்டையா நாம பாடிக்கினு இருந்தோம்?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். உப்பளத்துக்குப் போகிற ஒரு பெண் திருப்பிக் கேட்டார்: "நீ திங்கற உப்பு எந்தக் கையி வாரினதுன்னு கேட்டுட்டா பெரியப்பா திங்கற?" கீபோர்டு அண்ணன் என்னோடு பேசாமல் போனார். என் அம்மாகூட, "எல்லார் முன்னாடியும் உன் மானத்தை நீயே வாங்கிக்கணுமா?" என்றார். ஆனால் அம்மா அன்று சாயங்காலம் எனக்குப் பிடித்த வறுத்த கருவாட்டைச் செய்து வைத்திருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதை கோயிலிலிருந்து கிளம்பி உப்பள ரோட்டில் போனது. முன்னால் மரச்சிலுவை, பின்னால் இருநூறு பேர் இருப்போம். மூட்டை ஷெட் அந்த ரோட்டோரம்தான். ஷெட் நெருங்கும்போது பாட்டை எடுத்தோம். மெஷின் சத்தம் நின்றது. "இயேசுவே" என்று முடித்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நாலு அடி நடந்தோம். அக்கா கூப்பிடவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனதும் மெஷின் சத்தம் மறுபடி கேட்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. இவ்வளவு பேர் முன்னால் அவமானப்பட்டிருக்கிறேன், ஒரு குரல் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் அதே கடுப்போடுதான் போய்க் கேட்டேன்.

"ஷெட்டுல உக்காந்துக்கினு எப்பிடி பாப்பா கூப்பிடறது?" என்றார் அக்கா. "முன்னால போறவதான் கூப்பிடணும். பக்கத்துல இருந்து கூப்பிட்டா யாரு கூப்பிடறாங்கன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

என் கோபம் அப்படியே இறங்கிப்போனது. ஃபாதரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "சிலுவைக்கு அடுத்து அவுங்க நடக்கட்டும்" என்றார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். அதே பெரிய குங்குமம். மேலே அந்த முழுக்கைச் சட்டை இல்லாமல், துவைத்த புடவையில். சிலுவைக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நாங்கள். அவருடைய சொற்களிலேயே அவர் பாடினார், எங்கள் சொற்களில் நாங்கள் பாடினோம். மெட்டு ஒன்றுதான் என்பதால் இடிக்கவில்லை. நாங்கள் "இயேசுவே" என்ற அதே இடத்தில் அவர் மகளின் பெயரைக் கூப்பிட்டார். வரிசையை விட்டுப் போன பிறகு இப்போதுதான் கூப்பிடுகிறார். குரல் உப்பளம் முழுக்கப் போய்த் திரும்பியது. தலையில் எந்தப் பாரமும் இல்லை, ஆனாலும் அவர் கழுத்தைத் திருப்பவில்லை. நான் அழுதுகொண்டே நடந்தேன். முடிந்தது, என் கடன் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஊர்வலம் முடிந்து கோயில் வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "கேட்டுச்சாக்கா?"

"இல்ல பாப்பா."

பிடித்த கையை நான் விட்டுவிட்டேன்.

"எல்லாரும் செருப்பு போட்டுக்கினு நடந்தீங்க. சரக் சரக்னு அந்தச் சத்தந்தான் கேட்டுச்சு. வரப்புல யாரு செருப்பு போடறாங்க?" என்றார். குற்றம் சொல்கிற தொனியில்லை. வேலை சரியாக நடக்காவிட்டால் சொல்வது போலச் சொன்னார். "அடுத்த வாரம் வெறுங்காலோட வாங்க."

இதை நான் எப்படி இருநூறு பேரிடம் சொல்வது? யாரோ கிறுக்கு என்று சொல்லத்தான் போகிறார்கள் என்று பயந்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவிப்புகளோடு சேர்த்து ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்: வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு எல்லோரும் செருப்பில்லாமல் வரவும். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாதா சொரூபம் வைத்திருக்கிற கெபி முன்னால் செருப்புகள் குவிந்து கிடந்தன. அன்றைக்குக் கோயில் வாசலில் சத்தம் போட்ட பெரியவருடைய தோல் செருப்பும் அதில் இருந்தது. கீபோர்டு அண்ணன் பேண்டை மடித்து விட்டுக்கொண்டு நின்றார். தார் ரோட்டில் சூடு இன்னும் இறங்கவில்லை. பிள்ளைகள் தாவித் தாவி நடந்தார்கள். ஷெட்டைத் தாண்டி, இரண்டு பக்கமும் பாத்திகள் இருக்கிற இடத்துக்கு வந்ததும் அக்கா பாட்டை எடுத்தார்.

பெயரைக் கூப்பிட்டார்.

நாலு அடி. இருநூறு பேரும் அங்கே இல்லாதது போல நடந்தோம். எனக்கு ஒரே ஒரு கணம், இரண்டு கோடையில் பழகிய வாய் "வந்தேன்" என்று சொல்லிவிடுமோ என்று பயம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியதும் இல்லை.

சிலுவைப் பாதையில் நின்று ஜெபிக்கிற அடுத்த நிலையில் எல்லோரும் முழங்காலிட்டு எழுந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் நின்றேன். இந்தத் தடவை நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. அவராகவே என் பக்கம் குனிந்து, காதோடு சொன்னார்.

"வந்தேன்னு சொல்லல பாப்பா. 'இரும்மா, வர்றேன்'ங்கறா. அவ எப்பவும் அப்பிடித்தான், மெதுவாத்தான் நடப்பா."

சொல்லிவிட்டு அவர் சிலுவைக்குப் பின்னால் போய், திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் நிதானமாக நடக்க ஆரம்பித்தார்.